சூலக்குறி போட்ட சேணம்

பகல் சரக்கு வண்டியை அனுப்பிவிட்டுச் சாப்பாட்டுக்காகக் குவார்ட்டர்ஸுக்கு நடந்தேன். ஜொகூரில் உள்ள எங்கள் லாபிஸில் அன்று பெருமழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. தண்டவாளக் கட்டைகளிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. முன் விறாந்தைக்கு வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அங்கே தாங்கியின் மேல் வைத்திருந்த என் குதிரைச் சேணத்தின், ஏறுகிறவன் கால் வைக்கும் இரண்டு அங்கவடிகளும் மேலே ஏறியிருந்தன.

காலையில் அவை தொங்கிக்கொண்டிருந்தது எனக்கு நன்றாக ஞாபகம். இடது பக்கத்து அங்கவடி வலதை விட இரண்டு விரல் நீளம். அதைச் சரிசெய்ய வேண்டும் என்று கையால் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். இப்போது இரண்டையும் யாரோ வாரின் உள்பக்கமாக மேலே தள்ளி, தொங்கிய வாரை அந்த இரும்பு வளையத்துக்குள் நுழைத்து இறுக்கி வைத்திருந்தார்கள். வேலை தெரிந்த கை செய்த காரியம்.

“இஞ்சருங்கோ, வந்திட்டியளே? சோறு ஆறுது,” என்று உள்ளேயிருந்து என் மனைவி பாக்கியம் கூப்பிட்டாள்.

“இந்தச் சேணத்தில கை வைச்சனீரோ?”

“நானோ? அந்தச் சனியனை விளக்குமாத்தாலயும் தொடமாட்டன்.”

அவள் பொய் சொல்லுகிறவள் இல்லை. வீட்டில் வேறு ஆளும் இல்லை. நான் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

மூன்று மணிக்குப் பால் ஊற்றும் சின்னத்தாயி வந்தாள். பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் மரத்துப் பால் வெட்டுக்குப் போய்விட்டு, மத்தியானத்துக்கு மேல் தன் இரண்டு மாடுகளைக் கறந்து ரயில்வே வீடுகளுக்குக் கொண்டுவருவாள். படியில் கால் வைத்தவள் சேணத்தைப் பார்த்தாள். செம்பைக் கீழே வைத்தாள்.

“யாருங்க ஐயா குதிரையிலேருந்து இறங்குனது?”

“குதிரையா? லாபிஸில் குதிரை ஏது?”

“இல்ல, அங்கவடிய மேல ஏத்தி வெச்சிருக்கே. தொர இறங்குன உடனே குதிரக்காரன் செய்ற மொத வேலைங்க அது. தொங்க விட்டா வயித்துல இடிச்சிக் குதிர மெரளும்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“என் வீட்டுக்காரரு குதிரக்காரருங்க,” என்றாள். “பட்டாளத்துல.”

பைத்தியம் பிடித்த கதை

இந்தப் பத்திரிகையில் போன வாரம் வந்த பகுதியைப் படித்த ஒரு வாசகர், ‘குதிரையே இல்லாத ஊரில் குதிரைச் சாமான் சேர்த்த மனிதர் உலகத்தில் நீர் ஒருவர்தான்’ என்று கடுதாசி போட்டிருக்கிறார். வாஸ்தவம். பாக்கியமும் அதையேதான் சொன்னாள், இன்னும் காரமாக.

நான் லாபிஸ் ஸ்டேஷனில் சரக்குக் கிராணி. வந்த மூட்டையை எழுதுவது, போன மூட்டையை எழுதுவது, காணாமல் போன மூட்டையைத் தேடி ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் கடிதம் எழுதுவது, இதுதான் பிழைப்பு. மூன்றாவது வேலையில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. பெட்டியின் மேல் பாதி அழிந்த ஒரு குறி இருந்தால் போதும், அது எங்கே ஏறி, எங்கே இறங்கி, யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார் என்று கண்டுபிடித்துவிடுவேன். கடைசியாகக் கையெழுத்துப் போட்டவன் எவனோ அவனிடம்தான் சாமான் இருக்கும். இந்த விதி என்னை ஒருநாளும் கைவிட்டதில்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர.

1918-ல் பெரிய யுத்தம் முடிந்த பிறகு பட்டாளத்துக் குதிரைச் சாமான்கள் சிங்கப்பூரில் ஏலத்துக்கு வந்தன. ஜொகூர்த் தோட்டத் துரைமார் தங்கள் மட்டக்குதிரைகளுக்கு வாங்கிக்கொண்டார்கள். பிறகு துரைமார் மோட்டார் காரில் ஏறிவிட்டார்கள். சேணமும் கடிவாளமும் ஸ்டோரில் கிடந்து மட்கின. சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் ஒரு துரை ஊருக்குப் போனபோது குப்பையில் வீசிய ஒரு ஜோடி குதிமுள், அதாவது பூட்ஸின் குதியில் கட்டிக் குதிரையை முடுக்குகிற முள், அதுதான் என் முதல் பொருள். பிறகு ஈட்டி முனை, கொள்ளுப்பை, லாடம் அடிக்கிறவனின் கைக்கோடரி என்று சேர்ந்தன.

எல்லாவற்றிலும் குறி இருக்கும். ஒரு அம்பு அடையாளம் குத்தியிருந்தால் அரசாங்கத்துச் சொத்து. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டிக்கொண்டிருந்தால் அரசாங்கம் கைகழுவிவிட்டது என்று அர்த்தம். பக்கத்தில் படைப்பிரிவின் எண், குதிரையின் எண். எனக்கு வேறென்ன வேண்டும்? அந்தந்தப் பட்டாளத்துக்குக் கடிதம் எழுதுவேன். பாதிப் பேர் பதில் போடுவார்கள். என் குதிமுள் எந்தப் பாலைவனத்தில் எந்த மாதம் இருந்தது என்று எனக்குத் தெரியும். சொந்தப் பெரியப்பா எந்த மாதம் செத்தார் என்று கேட்டால் யோசிக்க வேண்டும்.

பத்து பாகாட்டில் கிடைத்தது

சேணம் பத்து பாகாட் என்கிற பட்டணத்தில், காதர் மரைக்காயரின் பழைய சாமான் கடையில் கிடைத்தது. மரைக்காயர் வியாபாரத்தில் கெட்டி. உடைந்த விளக்குக்கும் அரைமணி நேரம் பேசுவார். அன்று பேசவே இல்லை.

“எடுத்துட்டுப் போங்க கிராணி,” என்றார்.

“விலை சொல்லுங்க பாய்.”

“வெலையெல்லாம் வேணாம். சும்மா எடுத்துட்டுப் போங்க. கடைக்குள்ள அத வெச்சிருக்க எனக்கு மனசு ஒப்பல. மத்தியானம் லுகர் தொழுதுட்டு வந்து பாத்தா தோல் ஈரமா இருக்கு. யாரு தண்ணி ஊத்துனா?”

நான் சிரித்தேன். இலவசமாகக் கிடைத்த சந்தோஷம் வேறு. யோங் பெங் வழியாகப் பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த மலாய்க்கார அம்மாள் மூக்கைச் சுருக்கினாள். “பாவ் கூடா,” குதிரை வாசம் அடிக்கிறதே என்றாள். திரும்பிப் பின்னால் பார்த்தாள், பிறகு குனிந்து இருக்கைக்கு அடியிலும் பார்த்தாள். அதற்கப்புறம் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். பல வருஷமாகக் குதிரையின் முதுகைப் பார்க்காத தோல் அது.

பூஞ்சணம் பிடிக்காத இடம்

நம் நாட்டு மழையில் தோல் சாமான் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், இரண்டு நாள் கவனிக்காவிட்டால் பச்சையாகப் பூஞ்சணம் பூத்துவிடும். என் பூட்ஸ், கொள்ளுப்பையின் வார், பாக்கியத்தின் நகைப்பெட்டி, ஒன்றும் தப்பாது. சேணத்திலும் பூத்தது. ஆனால் ஆள் உட்காரும் இடத்தில் பூக்கவில்லை. முழங்கால் படும் இடம் இரண்டிலும் பூக்கவில்லை. முன்பக்கத்து மேட்டில், இறங்குகிறவன் கை பிடிக்கும் அளவுக்கு ஒரு இடத்திலும் பூக்கவில்லை. மற்றதெல்லாம் பச்சை. தூரத்திலிருந்து பார்த்தால் சேணத்தின் மேல் ஒருவன் உட்கார்ந்திருந்து, இப்போதுதான் எழுந்து போன மாதிரி இருக்கும்.

எண்ணெய் பட்ட இடத்தில் பூஞ்சணம் வராது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். படித்தவன் அல்லவா. ஆனாலும் பகலில்கூட அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார எனக்குப் பிடிக்கவில்லை.

சின்னத்தாயி கேட்டது

அங்கவடி ஏறியிருந்த அந்த மத்தியானம் சின்னத்தாயி சேணத்தைச் சுற்றி வந்தாள். தயங்கித் தயங்கித்தான் தொட்டாள். பக்கவாட்டுத் தோல்மடிப்பைத் தூக்கி அடியில் பார்த்தாள். பார்த்தவள் உட்கார்ந்துவிட்டாள்.

மடிப்பின் அடியில் ஊசியால் கீறிய ஒரு சூலம் இருந்தது, பெருவிரல் நகம் அளவில். நடுமுனை கொஞ்சம் சாய்ந்திருந்தது. நான் அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அரசாங்கக் குறி அல்ல என்று விட்டுவிட்டேன்.

“இது அவரு கைங்க,” என்றாள். “அவருக்கு எழுதத் தெரியாது. எதத் தொட்டாலும் இதப் போட்டுருவாரு. எங்க வீட்டுச் செம்புல இருக்கு, கட்டில் கால்ல இருக்கு. நடுவுல இருக்கிற முள்ளு இப்படித்தான் சாஞ்சிருக்கும்.”

அவள் கதையை அன்றுதான் முழுதாகக் கேட்டேன். திருச்சிராப்பள்ளிப் பக்கம் ஊர். கல்யாணமாகி இரண்டு மாதத்தில் கணவன் வீரமுத்து குதிரைப்படைக்குக் குதிரைக்காரனாகச் சேர்ந்து அந்தப் பெரிய யுத்தத்துக்காகப் பஸ்ராவுக்குக் கப்பல் ஏறினான். பிறகு தகவல் இல்லை. செத்தான் என்றும் இல்லை, இருக்கிறான் என்றும் இல்லை. கங்காணி ஆள் எடுக்க வந்தபோது இவளும் கப்பல் ஏறி இங்கே வந்துவிட்டாள். இத்தனை வருஷமும் பூ வைக்கவில்லை, பொட்டை அழிக்கவும் இல்லை.

இப்போது எங்கள் ஸ்டேஷன் பம்புக்காரர் முனியாண்டி, எஞ்சின்களுக்குத் தண்ணீர் ஏற்றுகிறவர், அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்தார். நல்ல மனிதர். அவளுக்கும் சம்மதம். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தை மாதம் தாலி கட்டுவதாகப் பேச்சு. பெரிய கங்காணிதான் குறுக்கே நின்றார். முதல் புருஷன் செத்ததற்கு ஒரு காகிதம் இல்லாமல் கோயிலில் தாலி கட்ட விடமாட்டேன் என்றுவிட்டார்.

“நீங்க எல்லாச் சாமானுக்கும் எழுதிக் கேக்குறீங்களாமே,” என்றாள் சின்னத்தாயி. “இதுக்கும் கேளுங்க ஐயா. அவரு இருக்காரா செத்தாரா, அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க. எதுவா இருந்தாலும் சரி. ஒண்ணு தெரிஞ்சாப் போதும்.”

சேணத்தில் குத்தியிருந்த படைப்பிரிவுக்கு அன்று மாலையே கடிதம் எழுதினேன். சேணத்தின் எண், குதிரையின் எண், வீரமுத்துவின் பெயர், சூலக்குறி, ஒன்று விடவில்லை. எழுதும்போது எனக்கு ஒரு உற்சாகம் இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

குளம்பு

இங்கே ஒரு பட்டாளத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும். குதிரைப்படைக் குதிரைக்குக் குளம்பில் எண்ணைச் சுட்டு வைப்பார்கள். அந்தக் குதிரை எங்கோ செத்துப்போனால், போய் வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள். குதிரையை விற்றுவிட்டுக் கதை விடுகிறானோ என்று சந்தேகம். அதனால் எண் சுட்ட குளம்பை வெட்டிக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். லாடம் அடிக்கிறவன் இடுப்பில் கைக்கோடரி எதற்கு என்றால் அதற்குத்தான். என்னிடம் இருந்த கோடரியின் வேலை அது என்று தெரிந்த நாளிலிருந்து நான் அதைத் துணியில் சுற்றியே வைத்திருந்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. தலைமைக் குமாஸ்தா ஒருவர் பொறுப்பாகத் தட்டச்சு செய்திருந்தார். அந்த எண்ணுள்ள குதிரை ஒரு பெண் குதிரை. டைக்ரிஸ் ஆற்றைத் தாண்டிய ஓர் இடத்தில் பங்குனி வாக்கில் காயத்தால் செத்தது. அதன் குளம்பையும் சேணத்தையும் இரண்டு நாள் நடந்து சுமந்து வந்து முகாமில் ஒப்படைத்தவர் குதிரைக்காரர் வீரமுத்து. பதிவேட்டில் அவருடைய பெருவிரல் ரேகை இருக்கிறது. சூலக்குறியைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

என் விதி என்ன? கடைசியாகக் கையெழுத்துப் போட்டவன். குதிரை செத்தது, மனிதன் நடந்து வந்து ரேகை வைத்திருக்கிறான். சின்னத்தாயி வந்ததும் வராததுமாக நான் ஓடிப்போய்ச் சொன்னேன்.

“உன் புருஷன் சாகவில்லை, சின்னத்தாயி! குதிரைதான் செத்தது. அவர் இருந்திருக்கிறார்!”

கண்டுபிடித்துவிட்ட பெருமையில் அவள் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. பாக்கியம் பார்த்திருக்கிறாள். “அவசரக் குடுக்கை,” என்று பிறகு என்னைத் திட்டினாள். “அந்தப் பிள்ளை நிண்ட நிலையைப் பாத்தனீங்களே?”

மூன்றரை மணி வண்டி

கல்யாணம் நின்றது. முனியாண்டி எடுத்துக் கொடுத்திருந்த சேலையைச் சின்னத்தாயி மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவர் நேராக என்னிடம் வந்தார்.

“ஆள் இருக்காருன்னா இருக்கட்டும் ஐயா. எங்க இருக்காருன்னு காட்டுங்க. நானே போயி கூட்டியாந்து அது கையில ஒப்படைச்சுட்டு, குளுவாங்குக்கு மாத்தல் வாங்கிட்டுப் போயிடுறேன். இப்படி நடுவுல நிக்க முடியல.”

எங்கே இருக்கிறார் என்று மறுபடி எழுதியிருக்கிறேன், பதில் வரட்டும் என்றேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

சின்னத்தாயி காத்திருக்கத் தொடங்கினாள். சிங்கப்பூர்ப் பக்கமிருந்து மூன்றரை மணிக்கு வண்டி வரும். பால் ஊற்றிவிட்டு, முகம் கழுவி, தலை சீவி, பிளாட்பாரத்தின் கோடியில் போய் நிற்பாள். இறங்குகிற ஒவ்வொரு ஆளையும் பார்ப்பாள். வண்டி போனதும் திரும்பிப் போவாள். மூன்று மாதம், மழையிலும்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு பயம் வந்தது. அவர் வரமாட்டாரே என்ற பயம் அல்ல. வண்டி நின்று புகை விலகும்போது, அந்தக் கோடிப் பெட்டியிலிருந்து யாராவது உண்மையிலேயே இறங்கிவிடுவாரோ என்ற பயம். ஒரு நாள் நடுப்பகலில், ஆளில்லாத பிளாட்பாரத்தில், பஸ்ஸில் அந்த மலாய்க்கார அம்மாள் சொன்ன வாசனை எனக்கும் வந்தது. வியர்த்த குதிரையின் வாசனை. கொள்ளும் ஈரச் சாக்கும் கலந்தது. தண்டவாளம் மாற்றுகிற பாயிண்ட்ஸ்மேனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, “அலமாக், ஐயோ, ஆமாங்க ஐயா,” என்று சொல்லி விலகி நின்றான்.

இரண்டாவது கடிதம்

இரண்டாவது பதில் ஒரு பக்கம்தான். வீரமுத்து என்ற குதிரைக்காரர் பஸ்ராவில் வாந்திபேதியில் இறந்தார் என்று ஏவலாட்கள் பட்டியலில் இருக்கிறது. அத்தாட்சிக்கு அதன் நகல் இத்துடன். தகப்பன் பெயர், ஊர், அடையாள மச்சம் எல்லாம் பொருந்துகிறது. இறந்தது ஐப்பசியில்.

அதாவது, குதிரை செத்த பங்குனிக்கு ஐந்து மாதம் முந்தி.

கடைசியில் குமாஸ்தா தன் கையால் சில வரிகள் எழுதியிருந்தார். செத்தவன் பெயரில் வேறொருவன் வேலை பார்ப்பது அங்கே நடக்கக்கூடியதுதான் என்பதால், பட்டாளத்தில் சேர்ந்தபோது வைத்த ரேகையையும் குளம்பை ஒப்படைத்தபோது வைத்த ரேகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாராம். தன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன என்றும், வாந்திபேதி முகாமில் ஆள் மாறி எழுதியிருக்கலாம், எழுதாமலும் இருக்கலாம் என்றும், தயவுசெய்து இதைப் பற்றி இனிமேல் தனக்கு எழுத வேண்டாம் என்றும் இருந்தது.

நான் அந்தக் கடிதத்தோடு ஆபீஸில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் விதி உதவவில்லை. கடைசியாக ரேகை வைத்தவன் செத்தவன். கிழித்துப் போட்டுவிட்டு ‘செத்துவிட்டார்’ என்று மட்டும் சொல்லலாம் என்றும் தோன்றியது. முதல் தடவை பாதி தெரிந்துகொண்டு பேசியதால் வந்த வினை போதாதா? இந்தத் தடவை முழுவதையும் சொல்லிவிடுவது என்று எழுந்தேன்.

விறாந்தையில்

மூன்று மணிக்கு அவள் வந்தாள். பாக்கியமும் வந்து கதவருகே நின்றாள். நான் அவசரப்படாமல், இரண்டு கடிதத்தையும் வரி வரியாகத் தமிழில் சொன்னேன். ஐப்பசி என்றபோது அவள் தலையை ஆட்டினாள். பங்குனி என்றபோது ஆட்டவில்லை.

“செத்த பொறவா வந்தாரு?” என்றாள்.

“காகிதத்தில் அப்படித்தான் இருக்கு. ஆள் மாறி எழுதியிருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை, சின்னத்தாயி. முதலில் நான் உன்னிடம் சொன்னது தப்பு. என்னை மன்னித்துவிடு.”

அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

“அவரு அப்படித்தாங்க. குதிரய விட்டுட்டு நகர மாட்டாரு. ஊருல ஜமீன் குதிர சீக்கா கெடந்தப்போ மூணு நாள் லாயத்துலயே கெடந்தாரு. கட்டி வந்த புதுசு, நான் சோத்தைக் கொண்டுபோயி வெச்சுட்டு வருவேன்.” சேணத்தைத் திரும்பிப் பார்த்தாள். “எவ்வளவு தூரம் நடந்தாருன்னு போட்டிருக்கு?”

“இரண்டு நாள்.”

“அதயும் தூக்கிக்கிட்டு?”

“ஆமாம். சேணத்தையும் தூக்கிக்கொண்டு.”

வெளியே மூன்றரை மணி வண்டிக்குக் கைகாட்டி இறங்கும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பால் செம்பைப் பாக்கியத்தின் கையில் கொடுத்தாள். கங்காணிக்குக் காட்ட வேண்டிய பட்டியல் நகலை என்னிடமிருந்து வாங்கி, நான்காக மடித்தாள். அப்போதுதான் அழுகை வந்தது. அழுகையை விடக் கோபம் அதிகம்.

“ஒரு குதிரைக்காக, செத்த பொறவு ரெண்டு நாள் நடந்திருக்காரு. பதினஞ்சு வருசமா நான் ஒருத்தி இங்க கெடக்கேன். நேர்ல வரவேணாம் ஐயா. கனவுலகூட ஒரு தடவ வரலையே.”

பாக்கியம் அவள் தோளைத் தொட்டாள். சின்னத்தாயி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள். வண்டி வந்து நின்று, ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒருவர் முகத்தையும் பார்க்காமல் அந்தக் கூட்டத்தைக் கடந்து, நேராக முனியாண்டியின் பம்பு வீட்டுக்கு நடந்தாள்.